செத்த நீர்நாய் சொல்லும் சேதி

கலிபோர்னியா கடற்கரையில் ஒரு கடல் நீர்நாய் செத்துக் கரை ஒதுங்கினால், பார்த்தவர்கள் உடனே தகவல் சொல்லிவிடுகிறார்கள். ஆட்கள் வந்து உடலை எடுத்துப் போகிறார்கள். எந்த இடம், எந்தத் தேதி, ஆணா பெண்ணா, என்ன எடை என்று எல்லாம் பதிவாகிறது. 1968-இல் தொடங்கிய இந்தப் பழக்கம் இன்றும் தொடர்கிறது. உடல் கெட்டுப் போகாமல் இருந்தால் சாந்தா குரூஸ் நகரத்தில் உள்ள கடல் விலங்கு மருத்துவ ஆய்வு மையத்துக்குப் போகும். அங்கே மனிதருக்குச் செய்வது போலவே பிரேதப் பரிசோதனை. கல்லீரல், மூளை, சிறுநீரகம், இரத்தம் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து உறைபெட்டியில் வைத்துவிடுவார்கள்.

"ஒரு மிருகம் செத்ததுக்கா இவ்வளவு?" என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். இந்த வாரம் அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன். அந்த உறைபெட்டியிலிருந்து வெளிவந்த சேதிக்கும் ஈப்போவில் நம் வீட்டுப் பின்னால் ஓடும் சாக்கடைக்கும், நாம் கறி மீயில் போட்டுச் சாப்பிடும் கெராங்குக்கும் சம்பந்தம் இருக்கிறது.

முதலில் இந்தப் பிராணியைப் பற்றிக் கொஞ்சம். கடல் நீர்நாய்க்குத் திமிங்கிலம் போலத் தோலுக்கடியில் கொழுப்புப் படலம் கிடையாது. குளிரைத் தாங்க அதற்கு இருப்பது முடி மட்டுமே. ஒரு சதுர அங்குலத்தில் பத்து லட்சம் முடி வரை இருக்கும். அந்த முடிக்காகவே மனிதர்கள் அதை வேட்டையாடித் தீர்த்தார்கள். 1911-இல் அனைத்துலக ஒப்பந்தம் போட்டு வேட்டையை நிறுத்தியபோது உலகம் முழுதும் ஓரிரண்டு ஆயிரம்தான் மிச்சம். கலிபோர்னியாவில் அடியோடு அழிந்துவிட்டது என்றே நினைத்திருந்தார்கள். 1938-இல் பிக் சர் கரையோரம் சுமார் 50 தென்பட்டன. இன்று அங்கே ஏறக்குறைய 3,000 உள்ளன.

உடம்புச் சூட்டைக் காப்பாற்ற அது நாள்தோறும் தன் எடையில் கால் பங்கு தின்ன வேண்டும். தின்பது நத்தை, சிப்பி, நண்டு, கடல் முள்ளெலி. சிப்பியும் மட்டியும் தண்ணீரை வடிகட்டி உயிர் வாழ்பவை. தண்ணீரில் கொஞ்சமாக இருக்கும் நஞ்சு அவற்றின் உடலில் சேர்ந்து கூடிவிடும். அந்தச் சிப்பிகளைக் கிலோக் கணக்கில் தின்னும் நீர்நாயின் உடலில் அது இன்னும் கூடும். கடலில் என்ன கலந்திருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் இதன் கல்லீரலைப் பார்த்தாலே போதும்.

கடல் அழுக்கானால் நீர்நாய் சாகும் என்பது கண்ணுக்குத் தெரிந்த உண்மைதான். 1989 மார்ச் 24-ஆம் தேதி அலாஸ்காவில் எக்சோன் வால்டெஸ் கப்பல் பாறையில் மோதி எண்ணெய் கொட்டியபோது, அடுத்த சில மாதங்களில் சுமார் 1,000 நீர்நாய்களின் உடல்களைப் பொறுக்கினார்கள். எண்ணெய் பட்ட முடி குளிரைத் தாங்காது. அந்தப் பகுதியில் நீர்நாய்கள் பழைய நிலைக்குத் திரும்ப ஏறக்குறைய 25 ஆண்டுகள் பிடித்தன. ஆனால் கலிபோர்னியாவில் கப்பல் எதுவும் கவிழாத வருடங்களிலும் நல்ல வயதில் உள்ள நீர்நாய்கள் செத்துக் கொண்டிருந்தன. சிலவற்றைச் சுறா கடித்திருந்தது. மற்றவற்றை எது கொன்றது?

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களில் ஒருவர் நம்மவர். குருந்தாசலம் கண்ணன் தமிழ்நாட்டில் வேளாண்மை படித்தவர், பிறகு ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று அமெரிக்காவில் சுற்றுச்சூழல் வேதியியல் ஆய்வாளரானார். 1992 முதல் 1996 வரை கலிபோர்னியாவில் செத்து ஒதுங்கிய கடல் நீர்நாய்களின் கல்லீரல், சிறுநீரகம், மூளை ஆகியவற்றை அவரும் குழுவினரும் சோதித்து 1998-இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் தேடியது ட்ரைபியூட்டைல்டின். கப்பலின் அடிப்பாகத்தில் சிப்பியும் பாசியும் ஒட்டாமல் இருக்கப் பூசும் சாயத்தில் கலந்திருந்த நஞ்சு அது. பெரிய கப்பல்கள் வந்து போகும் துறைமுகங்களின் பக்கத்தில் வாழ்ந்த நீர்நாய்களிடம் அது கூடுதலாக இருந்தது. அடிபட்டுச் செத்தவற்றைவிட, தொற்று நோயில் செத்தவற்றின் உடலில் அதிகம் இருந்தது.

அடுத்து, 1992-க்கும் 2002-க்கும் இடையே செத்த 80 பெண் நீர்நாய்களின் கல்லீரலில், கறை படாத துணிக்கும் தீயணைப்பு நுரைக்கும் பயன்படும் ஃபுளோரின் இரசாயனங்களைத் தேடினார்கள். 2006-இல் வந்த முடிவும் அதே பக்கம்தான் கை காட்டியது. நோயில் செத்தவற்றிடம் அந்த இரசாயனங்கள் அதிகம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். "அதிகம் இருந்தது" என்பதும் "அதுதான் கொன்றது" என்பதும் ஒன்றல்ல. இரசாயனம் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்து நோய் வந்ததா, நோயில் மெலிந்த உடலில் இரசாயனம் தேங்கியதா என்று இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. நல்ல விஞ்ஞானிகள் அந்த இடத்தில் நின்று, அடுத்த ஆதாரத்தைத் தேடுகிறார்கள். பத்து வருடத்துக் கல்லீரல்களை யாரோ பத்திரப்படுத்தி வைத்திருந்ததால்தான் அந்தத் தேடலைத் தொடங்கவே முடிந்தது.

இன்னும் இரண்டு கண்டுபிடிப்புகளைச் சொல்ல வேண்டும். முதலாவது பூனை. பூனை மலத்தில் டோக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் முட்டைகள் வரும். மழையில் அவை கால்வாய்க்கும் ஆற்றுக்கும் போய், கடலில் நத்தை, சிப்பிகளில் சேர்ந்து, நீர்நாயின் மூளைக்குப் போய்விடுகின்றன. 2002-இல் வெளிவந்த ஆய்வில், உயிரோடு பிடித்துச் சோதித்த நீர்நாய்களில் நூற்றுக்கு 42-க்கும் செத்தவற்றில் நூற்றுக்கு 62-க்கும் இந்தத் தொற்றின் அடையாளம் இருந்தது. மழைநீரும் ஆற்றுநீரும் அதிகமாகக் கடலில் விழும் இடங்களில் இருந்தவற்றுக்குத் தொற்று வாய்ப்பு மூன்று மடங்கு.

இரண்டாவது ஏரி. 2007-இல் மோந்தெரே வளைகுடாவில் ஈறும் கல்லீரலும் மஞ்சளாகிப் போன நீர்நாய்கள் ஒதுங்கின. காரணம் மைக்ரோசிஸ்டின். உரமும் கழிவும் சேர்ந்த நன்னீரில் பச்சைப் படலமாக வளரும் நுண்ணுயிர் உண்டாக்கும் நஞ்சு அது. கடலில் அது வளராது. நிலத்துக்குள்ளே இருந்த ஒரு ஏரியிலிருந்து ஆற்று வழியாகக் கடலுக்கு வந்திருந்தது. 2010-இல் வெளியான ஆய்வில், இந்த நஞ்சால் செத்த நீர்நாய்கள் 21 என்று கணக்குச் சொன்னார்கள். சோதனைத் தொட்டியில் வைத்துப் பார்த்தபோது, சிப்பிகளின் உடலில் இந்த நஞ்சு சுற்றியுள்ள தண்ணீரில் இருந்ததைவிட 107 மடங்கு வரை சேர்ந்தது. வேக வைத்தாலும் இது போகாது.

ஆக, கடலில் செத்த பிராணியைக் கொன்றது கடல் அல்ல. வீட்டுப் பூனையும் வயலுக்குப் போட்ட உரமும்தான். எல்லாம் கரையிலிருந்து போனவை.

இனி நம் ஊருக்கு வருவோம். நம் கடலில் கலிபோர்னியாவின் கடல் நீர்நாய் இல்லை. ஆனால் நீர்நாய் நமக்குப் புதிதல்ல. குறுந்தொகைக் காலத்திலேயே வாளை மீன் தின்னும் நீர்நாயைப் புலவர்கள் பார்த்துப் பாடிவிட்டார்கள். மலாயில் மெமெராங். மலேசியாவில் நான்கு வகை உண்டு. நம் பேராக் கரையோரம் சதுப்பு நிலங்களில் கூட்டமாகத் திரிவது பெரும்பாலும் மழமழப்பான முடியுள்ள பெரிய வகை. உலக அளவில் அழியும் ஆபத்துள்ள பட்டியலில் இருக்கிறது. மலேசியா, சிங்கப்பூர் நீர்நாய்களைப் பற்றி அதுவரை தெரிந்ததையெல்லாம் திரட்டி 1994-இல் ஆய்வுக் கட்டுரை எழுதிய இருவரில் ஒருவரும் தமிழ்ப் பெயர்க்காரர்தான். சிங்கப்பூரின் சிவசோதி. அங்கே அவரை 'ஓட்டர்மேன்' என்றே அழைக்கிறார்கள்.

சில மாதங்களுக்கு முன் கோலா குலா போயிருந்தேன். ஈப்போவிலிருந்து வடக்கே, பாகான் செராய் தாண்டிக் கடலை நோக்கித் திரும்ப வேண்டும். பறவை பார்க்க ஆட்கள் வரும் இடம். மாத்தாங் சதுப்பு நிலக் காட்டின் வடகோடி அது. 40,000 ஹெக்டருக்கு மேல் பரந்து கிடக்கும் இந்தக் காடு நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் திட்டம் போட்டுப் பராமரிக்கப்படுகிறது. குலா என்றால் மலாயில் சர்க்கரை. 19-ஆம் நூற்றாண்டில் இந்தக் கிரியான் சமவெளி முழுதும் கரும்புத் தோட்டம். ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் வந்து இறங்கிய பழைய இடங்களில் இதுவும் ஒன்று. கரும்பு போய் ரப்பர் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. ஆற்று வாய் மட்டும் அதே இடத்தில் இருக்கிறது.

படகுத் துறையில் ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். பக்கத்துத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இப்போது வலை போடுகிறார்.

"மெமெராங்கா? இருக்கும்மா. காலையில கூட்டமா வரும். வலையைக் கடிச்சி மீனைத் தூக்கிட்டுப் போயிடும். கோவமாத்தான் வரும், ஆனா குட்டியைக் கூட்டிக்கிட்டு வர்றதைப் பாத்தா அடிக்க மனசு வராது."

"செத்துக் கெடந்து பாத்திருக்கீங்களா, மாமா?"

"பாத்திருக்கேன். ஒரு தடவை ரெண்டு கெடந்திச்சி. அடிபட்ட மாதிரி இல்ல."

"என்ன செஞ்சீங்க?"

"என்ன செய்யறது? கட்டையால தள்ளி விட்டேன். தண்ணி இழுத்துக்கிட்டுப் போயிடிச்சி."

அவர் மீது குறை சொல்ல எனக்கு மனமில்லை. யாரிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் வரும் வழியெல்லாம் அந்த இரண்டு உடல்களைப் பற்றித்தான் நினைத்துக் கொண்டு வந்தேன். அவர் பிடித்து விற்கும் மீனைத்தான் அவையும் தின்றன. அதே மீன் பாரிட் புந்தார் சந்தைக்கும் வருகிறது.

நம் ஆறுகள் எதைச் சுமந்து போகின்றன என்பது தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் புத்தகம் பார்க்காமலே தெரியும். ரப்பர் ஆலைக் கழிவு ஓடிய கால்வாயின் நாற்றம் மூக்கை விட்டுப் போகாது. செம்பனை ஆலைக் கழிவு அதைவிடக் கனமானது. அழுகும்போது தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும், மீன் மூச்சு முட்டிச் சாகும். ஆலையிலிருந்து சுத்திகரிக்காமல் வரும் ஒரு லிட்டர் கழிவு தின்னக்கூடிய ஆக்சிஜன் சுமார் 25,000 மில்லிகிராம். 1974-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தபோது, அதன் கீழ் முதலில் கட்டுப்பாடு போடப்பட்ட தொழில்கள் செம்பனையும் ரப்பரும்தான். செம்பனைக்கு 1977-இல் விதி வந்தது, ரப்பருக்கு 1978-இல். செம்பனை ஆலைகள் ஆற்றில் விடும் கழிவுக்கு முதலில் 5,000 மில்லிகிராம் வரை அனுமதி. படிப்படியாகக் குறைத்து 1984-இல் 100 ஆக்கினார்கள். சட்டம் போட்டால் நடக்கும் என்பதற்கு இது நல்ல சாட்சி.

ஆனால் அந்த விதி அளப்பது ஆலைக் குழாயின் வாயில் வரும் தண்ணீரை. நீர்நாயின் கல்லீரல் சொல்வது வேறு கணக்கு. ஈப்போ நகரத்துச் சாக்கடை கிந்தா ஆற்றில் விழுகிறது, கிந்தா பேராக் ஆற்றில் சேர்கிறது, பேராக் ஆறு பாகான் டத்தோ பக்கம் கடலில் கலக்கிறது. வழியில் எத்தனை தாமான், எத்தனை பட்டறை, எத்தனை தோட்டம்! ஒவ்வொன்றும் கொஞ்சம்தான் விடுகிறது. அந்தக் கொஞ்சமெல்லாம் சேர்ந்து என்ன செய்கிறது என்பதை ஓர் உயிரின் உடம்பில்தான் பார்க்க முடியும்.

இதைச் சொல்லும்போது எனக்கு என் அம்மா நினைவுக்கு வருகிறார். 19 வருடம் மருந்தடிக்கும் வேலை பார்த்தவர். முதுகில் டப்பா, கையில் குழாய், காலில் ரப்பர் செருப்பு. களைக்கொல்லிதான் மருந்து. நகம் கறுத்து உரியும். மூக்கில் இரத்தம் வரும். தோட்டத்து டிரெஸ்ஸர் வெள்ளை மாத்திரை கொடுத்து அனுப்புவார். கடைசிக் காலத்தில் சிறுநீரகம் கெட்டுப் போய்ப் பட்டணத்து மருத்துவமனையில் சேர்த்தபோது டாக்டர் கேட்டார்: "அவங்க என்ன இரசாயனம் அடிச்சாங்க? எத்தனை வருஷம்? எவ்வளவு?" அம்மாவுக்குத் தெரிந்தது டின்னில் மண்டை ஓடு படம் போட்டிருக்கும் என்பது மட்டும்தான். அந்த மருந்தால்தான் சிறுநீரகம் போனது என்று நான் சொல்ல மாட்டேன். சொல்லவும் முடியாது. எந்த ஏட்டிலும் எதுவும் இல்லை. தோட்டமே இப்போது இல்லை, அங்கே தாமான் வந்துவிட்டது.

பாராகுவாட் களைக்கொல்லியின் கதை பலருக்குத் தெரியும். மருந்தடிக்கும் பெண்களின் நிலையைத் தெனாகானித்தா அமைப்பு 2002-இல் அறிக்கையாக வெளியிட்டது. அதே ஆண்டு அரசாங்கம் தடையை அறிவித்தது. 2006-இல் தடை தளர்ந்தது. முழுத் தடை 2020 ஜனவரி 1-ஆம் தேதிதான் நடப்புக்கு வந்தது. 18 ஆண்டுகள். அந்த அறிக்கைக்கு ஆதாரமாக இருந்தது பெண்களைத் தேடிப் போய்க் கேட்டு எழுதிக் கொண்ட வாக்குமூலங்களும் பரிசோதனைகளும்தான். யாரும் கேட்டு எழுதாமல் விட்டிருந்தால் அதுவும் இருந்திருக்காது.

கலிபோர்னியாவில் 80 நீர்நாய்களின் கல்லீரலுக்குக் கணக்கு இருக்கிறது என்று படித்தபோது முதலில் எனக்கு வந்தது பொறாமை. பிறகு யோசித்துப் பார்த்தேன். நீர்நாய்க்குக் கணக்கு வைக்கப் பழகிய ஊர், அதே தண்ணீரில் வாழும் மனிதனுக்கும் எச்சரிக்கை சொல்லப் பழகிவிடுகிறது.

இங்கிலாந்தில் அப்படித்தான் நடந்தது. 1950-களின் பிற்பகுதியில் விதைக்குப் பூசிய டீல்ட்ரின் போன்ற பூச்சிக்கொல்லிகளால் ஆற்று நீர்நாய்கள் பல மாவட்டங்களில் மறைந்தே போயின. அந்த மருந்துகளை நிறுத்திய பிறகு மெல்லத் திரும்பி வந்தன. கார்டிஃப் பல்கலைக்கழகம் 1992 முதல் செத்த நீர்நாய்களைச் சேகரித்துச் சோதிக்கிறது. பெரும்பாலும் சாலையில் அடிபட்டவை. பொதுமக்கள் தகவல் சொல்லித்தான் அவை வந்து சேர்கின்றன. நமக்குப் பக்கத்தில் சிங்கப்பூர் 1977 முதல் 1987 வரை பத்து ஆண்டுகள் தன் ஆறுகளைச் சுத்தம் செய்தது. 1998-இல் சுங்கை பூலோவில் நீர்நாய்கள் வந்து குடியேறின. இப்போது நகரத்தின் நடுவே குடும்பம் குடும்பமாக நீந்துகின்றன.

நாம் என்ன செய்யலாம்? பெரிய காரியம் ஒன்றும் இல்லை.

பூனை வளர்ப்பவர்கள் அதன் மலத்தைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், சாக்கடையில் கழுவி விடாதீர்கள். கர்ப்பிணிப் பெண்கள் அந்த வேலையை வேறு யாரிடமாவது விட்டுவிடுவது நல்லது. களைக்கொல்லி டப்பாவை ஆற்றிலும் கால்வாயிலும் அலசாதீர்கள். கெராங்கை அரை வேக்காட்டில் சாப்பிடும் ஆசையைக் கொஞ்சம் அடக்குங்கள். நன்றாக வேக வைத்தால் கிருமி சாகும். இரசாயனம் சாகாது, அதற்கு ஆறுதான் சுத்தமாக வேண்டும்.

ஆற்றோரம், கடலோரம், நெடுஞ்சாலையில் நீர்நாய் செத்துக் கிடப்பதைக் கண்டால் கையால் தொடாதீர்கள். படம் எடுங்கள். இடத்தையும் நேரத்தையும் குறித்துக் கொண்டு பெர்ஹிலித்தானுக்குத் தகவல் சொல்லுங்கள். உயிரோடு பார்த்தாலும் மலேசிய நீர்நாய்க் குழுவுக்கு எழுதி அனுப்பலாம்.

எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். முடித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஒரு வார்த்தை. டாக்டர், வழக்கறிஞர், பொறியியலாளர் என்று மூன்று வாசல்களை மட்டுமே நாம் காட்டிக் கொண்டிருக்கிறோம். செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவம் இருக்கிறது. சுற்றுச்சூழல் வேதியியல் படிக்கவும் நம் நாட்டிலேயே வழி உண்டு. வேளாண்மை படித்த ஒரு தமிழர் கலிபோர்னியா நீர்நாயின் கல்லீரலைப் படித்துச் சொல்ல முடிந்தது என்றால், நம் தாமானில் வளர்ந்த ஒரு பெண்ணோ பையனோ கோலா குலாவில் அதைச் செய்யலாம்.

அந்தப் பெரியவரின் கைப்பேசியில் பெர்ஹிலித்தான் எண்ணைப் பதிந்து கொடுத்துவிட்டு வந்தேன். "அடுத்த தடவை தள்ளி விட மாட்டேன், கூப்பிடுறேன்" என்றார். உங்கள் வீட்டுக் கைப்பேசியிலும் அந்த எண் இருக்கட்டும்.

அடுத்த வாரம் சந்திப்போம்.